சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர்

தென்மாவட்ட ஊர் ஒன்றில், சிறப்புப் பள்ளியில் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். எனக்கென்று ஓர் அறை உண்டு. சுவரில் பெரிய கண்ணாடி, அலமாரி நிறையப் பட அட்டைகள், ஒரு பெட்டி பொம்மைகள். பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த அறையைத்தான் கேட்கிறார்கள். அவர்களை மதியம் பன்னிரண்டரை வரை இருக்கச் சொல்வேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகு கூடத்தில் நடப்பதைப் பார்த்தால்தான் இந்த வேலை என்னவென்று தெரியும்.

பேச்சுப் பயிற்சி என்றால் கண்ணாடி முன் உட்கார வைத்து ‘அ, ஆ’ சொல்ல வைப்பது என்று நினைத்து வரும் பெற்றோருக்கு, நான் பிள்ளையின் தட்டைப் பார்ப்பது வியப்பாக இருக்கும். மெல்லுவதையும் விழுங்குவதையும் கவனிப்பது எங்கள் படிப்பிலேயே ஒரு பகுதி. எங்கள் பள்ளியைப் போன்ற இடத்தில் அதுதான் உயிரோடு தொடர்புள்ள பகுதியும் கூட.

மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எப்படி ஊட்டுகிறார்கள்? அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையை முழங்கையில் தாங்கிக்கொண்டு ஊட்டுகிறார். கைக்குழந்தையாக இருந்தபோது பாலாடையிலோ சங்கிலோ பால் புகட்டிய அதே நிலை. பிள்ளை வளர்ந்துவிட்டது, நிலை மாறவில்லை. பாலாடையைக் குறை சொல்ல மாட்டேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது நல்ல கருவி, மருத்துவமனைகளிலேயே அதைத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால், கழுத்துப் பிடிமானம் இல்லாத ஆறு வயதுப் பிள்ளையின் தலை பின்னால் சரிந்திருக்கும்போது வாயில் வைக்கும் எதுவும் தானாகவே தொண்டைக்குள் இறங்கும். விழுங்குவதற்குப் பிள்ளை தயாராகும் முன்பே இறங்கும். மூச்சுக்குழல் மூடிக்கொள்ள அவகாசம் இருக்காது. சாப்பாட்டில் கொஞ்சம் நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்படிப் போனால் இருமல் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சில பிள்ளைகளுக்கு வராது. ஓசையே இல்லாமல் போகும். அப்போது வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். விழுங்கிய பிறகு குரலில் ஈரம் தட்டும், தொண்டைக்குள் தண்ணீர் நிற்பது போன்ற களகளப்பு. கண்ணில் நீர் கோக்கும். சாப்பிடச் சாப்பிட மூச்சு வேகமாகும். இன்னொன்று அடிக்கடி வரும் சளிக் காய்ச்சல். “டீச்சர், இவனுக்குச் சளி உடம்பு” என்று சொல்லும் அம்மாவிடம், மாத்திரை பற்றிக் கேட்கும் முன் எப்படி ஊட்டுகிறீர்கள் என்று கேட்பேன். சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவோம். அது தள்ளிப்போடும் விஷயமே அல்ல.

மாற்ற வேண்டியவை பெரும்பாலும் எளியவை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்த நாற்காலியான சி.பி. சேரில் இடுப்பு பின்னால் ஒட்டியிருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. நாற்காலியின் கால்பலகையில் ஊன்றியிருக்க வேண்டும். தலை நேராக, மோவாய் சற்றே கீழ்நோக்கி. ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், மறுபடியும் கழுத்து பின்னால் போகும். ஆகவே பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். கரண்டியை நாக்கின் மேல் தட்டையாக வைத்து, உதடு தானாக மூடும் வரை காத்திருக்க வேண்டும். மேல்பல்லில் வழித்து எடுப்பது வேகமான வேலைதான், ஆனால் அதனால் உதடு எதையும் கற்றுக்கொள்வதில்லை. சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது. அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கட்டும்.

எதைக் கொடுப்பது என்பதில் நம் சமையலறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இலகுவாக இருக்கும் என்று அம்மாக்கள் முதலில் கொண்டுவருவது ரசம் சாதம். விழுங்குவதில் சிக்கல் உள்ள பிள்ளைக்கு மிகக் கடினமான சாப்பாடுகளில் அதுவும் ஒன்று. ரசம் ஓடும், பருக்கை நிற்கும். ஒன்றை மெல்லும் நேரத்தில் இன்னொன்று தொண்டையைத் தாண்டிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லியும் அப்படித்தான். தண்ணீர் எல்லாவற்றிலும் வேகமானது. தண்ணீரில் புரையேறும் பிள்ளை கேழ்வரகுக் கூழைச் சமாளித்துவிடும். குழையப் பிசைந்த பருப்புச் சாதம், தயிரை ஓடாமல் பிசைந்த சாதம், மசித்த நேந்திரம்பழம் என்று தொடங்கலாம். அதற்காக வாழ்நாள் முழுக்க மிக்சியில் அடித்துக் கொடுப்பதும் சரியல்ல. மெல்லக் கற்கும் வாய்ப்பே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும். மெத்தென்ற ஒரு துண்டைக் கடைவாய்ப் பல்லின் பக்கமாக வைத்து, நாக்கு அதைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பதே இல்லை.

எங்கள் கூடத்தில் ஊட்டுகிறவர்களில் மூத்தவர் ஓர் ஆயாம்மா. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் மெல்லும், யாருக்கு எத்தனையாவது வாயில் களைப்பு வரும் என்பதெல்லாம் என் கோப்புகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வரும் பயிற்சி மாணவர்களை முதல் வாரம் அவரோடுதான் உட்கார வைக்கிறேன். நாற்பது நிமிடத்துக்குள் நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் ஊட்ட வேண்டியிருப்பதுதான் இங்கே எங்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து. அவசரத்தில் எந்த நுட்பமும் நிற்காது. ஒரே மணியில் எல்லோருக்கும் சாப்பாடு என்பதை மாற்றி, சிரமம் அதிகமுள்ள பிள்ளைகளை முன்னதாகவே உட்கார வைக்கிறோம். சிறப்புப் பள்ளி நடத்துகிற எல்லோரும் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். செலவே இல்லாத ஏற்பாடு.

இதே கூடத்தில்தான் மொழியும் தொடங்குகிறது. நான்காவது வாயில் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொள்கிறது, முகத்தைத் திருப்புகிறது. “ஒரே ஒரு வாய், கடைசி வாய், காக்காவுக்கு ஒரு வாய்” என்று நாம் ஊட்டிக்கொண்டே போகிறோம். அந்தப் பிள்ளை அப்போதுதான் பேசியது. தெளிவாக, சூழ்நிலைக்குப் பொருத்தமாக, எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசியது. நாம் அதைக் கேட்கவில்லை. கரண்டியை இறக்கி, “வேண்டாமா? சரி, வேண்டாம்” என்று சொல்லி, பிள்ளை தொட்டுப் பேசுவதற்காக வைத்திருக்கும் படப் பலகையில் உள்ள ‘வேண்டாம்’ படத்தைத் தொட்டுக் காட்டி, சற்று நேரம் கழித்து மறுபடி கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பேச்சு வராத பிள்ளைக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது ‘அம்மா’ அல்ல. ‘வேண்டாம்’.

இதற்கு எதிர்ப்பு வரும். பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும் நாளுக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஒருவரிடம், முதலில் மறுக்கக் கற்றுக்கொடுப்போம் என்று சொல்வது எளிதல்ல. அவருடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேச முடியாத ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். யாரோ தூக்குகிறார்கள், யாரோ வாய் துடைக்கிறார்கள், யாரோ உடை மாற்றுகிறார்கள், யாரோ தெரியாதவர் காலைப் பிடித்து நீட்டுகிறார். நாள் முழுக்க அந்த உடம்பின் மேல் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது, அதன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. முகத்தைத் திருப்பிப் பயனில்லை என்று தெரிந்த பிள்ளை தட்டை வீசும். அதுவும் பயனில்லை என்றால் கடிக்கும், தலையைச் சுவரில் மோதும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஓடிவந்து, “என்ன வேண்டும்?” என்று கேட்கிறோம். கடித்தால்தான் கேட்பார்கள் என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

1985இல் எட்வர்டு கார், மார்க் டூரண்ட் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய இரு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளையின் முரட்டுத்தனம் எதைக் கேட்பதற்காக நடக்கிறது என்று கண்டுபிடித்து, அதே வேலையைச் செய்யும் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் முரட்டுத்தனம் குறைகிறது என்று காட்டினார்கள். ‘அதே வேலையைச் செய்யும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலை கடினமாக இருப்பதால் கத்துகிற பிள்ளைக்குப் ‘பந்து வேண்டும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் கத்தல் நிற்காது. ‘உதவி செய்’ அல்லது ‘போதும்’ என்றால் நிற்கும்.

“வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பானே?” என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். உண்மைதான், சில வாரங்களுக்கு அப்படித்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அந்தப் படத்தைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வகுப்பு, பாட்டு, பந்து, தனக்குப் பிடித்த ஊஞ்சல் வரை எல்லாவற்றுக்கும் அதையே தொட்டான். தன் விரல் பட்டதும் பெரியவர்கள் நிற்கிறார்கள் என்பதை அவன் சோதித்துக்கொண்டிருந்தான். நின்றோம். பிறகு தானாகவே ஊஞ்சலுக்குத் திரும்பி வந்தான். மறுக்க முடியாதவையும் இருக்கின்றன: வலிப்பு மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, பஸ் ஏறும் நேரம். அப்போது பிள்ளை சொன்னதைக் கேட்காதது போல இருக்கக் கூடாது. “வேண்டாம் என்கிறாய், எனக்குத் தெரிகிறது. ஆனால் மாத்திரை போட வேண்டும். ஐந்து வரை எண்ணுவோம், முடிந்துவிடும்” என்று சொல்லி, எண்ணி, ஐந்தில் உண்மையாகவே முடிக்க வேண்டும். ஏழு வரை போனால் அடுத்த முறை நம்ப மாட்டான்.

மறுப்பை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பேசமாட்டான், சொல்லமாட்டாள் என்று தெரிந்தே பிள்ளையைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியர் அல்லது அந்தக் குழந்தையின் தொடர்பு முறையை அறிந்த ஒருவரின் உதவியைப் பெறலாம் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அந்த உதவியாளர் வந்து உட்காரும்போது பிள்ளையின் பலகையில் இட்லியும் பந்தும் பூனையும் மட்டும் இருந்தால் அவர் என்ன செய்வார்? உடல் உறுப்புகளின் பெயர்கள், ‘வலிக்கிறது’, ‘பயமாக இருக்கிறது’, ‘நிறுத்து’, ‘தொடாதே’, வீட்டிலும் பள்ளியிலும் வேனிலும் உள்ள ஒவ்வொருவரின் புகைப்படம் ஆகிய எல்லாம் எதுவும் நடப்பதற்கு முன்பே பலகையில் இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பழகியிருக்கவும் வேண்டும். உறுப்புகளின் படத்தைப் பார்த்துக் கூச்சப்படும் பெற்றோரிடம் நான் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பலகையைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சு வராத, அல்லது பேசினாலும் மற்றவர்களுக்குப் புரியாத பிள்ளைகளுக்குப் படங்களைத் தொட்டுப் பேசும் வழி உலகெங்கும் இருக்கிறது. படத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துக் கேட்கும் ‘பெக்ஸ்’ முறையை ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கினார்கள். நம் சென்னையிலேயே, மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கியது ‘ஆவாஸ்’. படங்களைத் தொட்டால் குரல் கொடுக்கும் கருவியாகத் தொடங்கி, பிறகு டேப்லெட்டில் இயங்கும் செயலியாகி, தமிழிலும் கிடைக்கிறது. எங்களிடம் வரும் குடும்பங்கள் எல்லோராலும் டேப்லெட் வாங்க முடிவதில்லை. ஆகவே பெரும்பாலும் லேமினேஷன் செய்த தாள், வெல்க்ரோ, ஒரு பழைய நாட்காட்டியின் அட்டை. மழையில் நனையாது, கீழே விழுந்தால் உடையாது, சார்ஜும் போட வேண்டாம். ஏழைக்கு இது போதும் என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. டேப்லெட் வைத்திருக்கும் பிள்ளைக்கும் குளியலறையிலும் தூக்கம் வரும் நேரத்திலும் தாள் பலகை வேண்டும்.

ஆங்கிலப் பலகைகளை அப்படியே தமிழில் எழுதி ஒட்டுவதை மட்டும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றில் ‘நான்’ முதலில், ‘விரும்பு’ இரண்டாவது, பொருள் கடைசியில். நம் பிள்ளை கேட்பது “எனக்குத் தண்ணி வேணும்”. ‘நான்’ அங்கே வரவே இல்லை. வினை கடைசியில் நிற்கிறது. பல நேரங்களில் ‘எனக்கு’ கூடத் தேவையில்லை. வினையைத் தொட்டால் போதும், வாக்கியம் முழுமையாகிவிடும். வா, போ, தா, எடு, போடு, நில் என்று தமிழில் ஏவல் சொற்கள் ஓரசையிலும் ஈரசையிலும் முடிந்துவிடுவது எங்கள் தொழிலுக்குப் பெரிய வசதி. வாயைத் திறக்கவே போராடும் பிள்ளை ‘தா’ என்று பாதியாகச் சொன்னாலும் அது முழுச் சொல்லாக நிற்கிறது. படங்களும் அப்படியே, ரொட்டி சாண்ட்விச்சையும் பனிமனிதனையும் எடுத்துவிட்டு, குடம், செம்பு, பாய், கேட்டு வாசல், ஆட்டோ, கொடை விழா, பக்கத்து வீட்டு நாய் என்று எங்கள் ஊரை ஒட்டுகிறோம். படத்தின் கீழே ‘வேண்டும்’ என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதியிருந்தாலும், தொடும்போது வாயால் ‘வேணும்’ என்றே சொல்லச் சொல்வேன். பிள்ளையின் காது வீட்டில் கேட்பது அதைத்தான்.

பலகையைக் கொடுத்துவிட்டு, “எதைக் கேட்கிறாய், காட்டு” என்று பிள்ளையை மிரட்டுவதால் பலன் இல்லை. முதலில் நாம் அதில் பேச வேண்டும். மாதக்கணக்கில் பேச வேண்டும். நாம் பேசும்போது தொட்டுக்கொண்டே பேசுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். வேலைகளிலேயே கடினமானது இந்தப் பத்து எண்ணிக்கைதான். ஒன்பதாவது நொடியில் பிள்ளையின் கை நகரத் தொடங்கும். அதற்குள் பெரியவர் யாராவது பதிலைச் சொல்லியிருப்பார்.

“படத்தைக் காட்டிப் பழகிவிட்டால் பேச்சே வராமல் போய்விடாதா?” என்ற கேள்வியைக் கேட்காத அம்மா இல்லை. 2006இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகிய மூவர் இதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த விதத்தில் பதிவான 27 பேரில் ஒருவருக்குக் கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. பெரிய ஏற்றம் என்று சொல்ல முடியாது, சிலருக்கு மிகச் சிறிய முன்னேற்றம்தான். ஆனால் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. மாறாக, அலமாரியில் இன்னும் கிடக்கும் ஊதல்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஊதினால், நாக்கை நீட்டி மடக்கினால் பேச்சு வந்துவிடும் என்று பல இடங்களில் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். ஊதுவதற்கும் பேசுவதற்கும் உறுப்பு ஒன்றே ஆனாலும் மூளை அவற்றை வெவ்வேறு விதமாக இயக்குகிறது. ஊதப் பழகிய பிள்ளை நன்றாக ஊதும். பேசப் பழக, சொல்லில்தான் பழக வேண்டும்.

பிள்ளையைக் காலம் கடந்து கொண்டுவருவது இன்னும் பெரிய துயரம். “ஆண் பிள்ளை அப்படித்தான், தாமதமாகப் பேசும்”, “இவன் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினார்”, நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்ப்போம், தேன் தடவிப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில் முருகன் அருளால் கவிதையாகவே பேசினார் என்பது வரலாறு. பிள்ளையைத் தோளில் சுமந்து செந்தூருக்கு நடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நான் ஒருபோதும் பறித்ததில்லை. போய் வாருங்கள், வரும் வழியில் காதுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையைக் காட்ட வேண்டும். ஐந்து வயது வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

காதைப் பற்றிச் சொன்னேன். மற்ற எதற்கும் முன்னால் அதுதான். ஆட்டிசம் என்ற சான்றிதழோடு வரும் பிள்ளைக்கும் கேட்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். ஒரு மாதம் கேட்கும், அடுத்த மாதம் மங்கும். “சொன்னால் கேட்பதில்லை, பிடிவாதம்” என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். காதுக்கருவி போட்டிருக்கும் பிள்ளைகளிடம் காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும், என் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்கிறேன். டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்துக் கொடுத்த சோதனை. இரண்டு நிமிடம் ஆகாது. ‘ஸ்’ கேட்கவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பிள்ளை வளர்ந்து காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும். வாயை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டால், பிள்ளைகள் உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் படியும் மடியும் உதட்டில் ஒன்று போலவே தெரியும். ‘க’ உதட்டில் தெரியவே தெரியாது. கருவி தொலைந்துவிடும் என்று அதை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் பல. விலை உயர்ந்த பொருள், அவர்களின் அச்சம் நியாயமானது. சட்டையோடு சேர்த்துக் கட்டும் ஒரு கயிறு கொடுத்தால் கருவி காதுக்கு வந்துவிடுகிறது.

பேசுகிற, ஆனால் ‘அர்த்தமில்லாமல் பேசுகிற’ பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் எங்களிடம் உண்டு. விளம்பர வரிகள், அறிவிப்புகள், யாரோ எப்போதோ திட்டியது. சொன்னதையே திரும்பச் சொல்வதை நிறுத்தப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். 1981இல் பாரி பிரிசான்ட், ஜூடித் டுகான் ஆகியோர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் திருப்பிச் சொல்வதைக் காணொளியில் பதிந்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றுக்குப் பல நோக்கங்கள் இருப்பதைக் காட்டினார்கள். எங்கள் பையன் ஒருவன் கூட்டமான இடத்துக்கு வந்தால் “உள்ளே போ, உள்ளே போ, படியில் நிற்காதே” என்பான். பஸ் கண்டக்டரின் அதே குரல், அதே ராகம். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் சொல்வது ‘இங்கே நெருக்கமாக இருக்கிறது, என்னால் தாங்க முடியவில்லை’ என்பதை. அவன் வாழ்க்கையில் நெருக்கடியை முதலில் உணர்ந்த இடம் பஸ்தான். அங்கே அதற்குக் கிடைத்த வாக்கியம் அது. அவனை வெளியே அழைத்துப்போய், “கூட்டமாக இருக்கிறது, வெளியே போகலாம்” என்று அவன் சொல்ல வேண்டியதை அவன் பக்கத்திலிருந்து நான் சொல்வேன். இப்போது இரண்டும் கலந்து வருகிறது. கண்டக்டர் வாக்கியத்தை நிறுத்தியிருந்தால் அவனிடம் எதுவும் இருந்திருக்காது.

பிள்ளையின் கையைப் பிடித்தோ பலகையைத் தூக்கிப் பிடித்தோ கட்டுரையே எழுத வைக்கலாம் என்று சொல்லும் முறைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். பிடித்திருப்பவர் அறியாமலே அவருடைய சொற்கள்தான் வருகின்றன என்பதைச் சோதனைகள் காட்டியதால் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2018இல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. எங்கள் பள்ளியில் பிள்ளை தானாகத் தொடுவதே பேச்சு. விரலால் முடியாவிட்டால் முழங்கை, அதுவும் முடியாவிட்டால் கண். கண்பார்வையால் நான்கு மூலைகளில் ஒன்றைக் காட்டும் பிள்ளை எங்களிடம் இருக்கிறாள்; மெதுவாகத்தான் காட்டுவாள், ஆனால் அது அவளுடையது.

இவை எதுவும் என் அறையில் வாரத்துக்கு இரண்டு அரை மணி நேரத்தில் நடக்கிற வேலை அல்ல என்பது இதற்குள் விளங்கியிருக்கும். கிளினிக்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: அறைக்குள் ‘தா’ என்று சொன்ன பிள்ளை வாசலைத் தாண்டியதும் சொல்லாது. சிறப்புப் பள்ளியில் எனக்குக் கிடைத்திருப்பது ஒரு முழு நாள். பிரார்த்தனை, சாப்பாடு, கழிப்பறை வரிசை, ஊஞ்சல், வேன். பேசுவதற்குக் காரணம் இருக்கும் இடங்கள் இவைதான். அப்படியிருந்தும் பல பள்ளிகள் பேச்சுப் பயிற்சியாளரை வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வந்து போகிறவராகவே வைத்திருக்கின்றன. வந்தவர் அறைக்குள் உட்கார்ந்து, வரிசையாக அனுப்பப்படும் பிள்ளைகளைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போகிறார். பதிவேடு நிறைகிறது. பணம் இல்லை என்பது உண்மையான காரணம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளை ஆயாம்மாக்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் வேன் ஓட்டுநருக்கும் கொடுங்கள் என்பேன். அவர்கள்தான் மீதி நாட்களில் அங்கே இருக்கப்போகிறவர்கள்.

தாய்மார்களும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியின் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பவர்கள் முன்பு நிறையப் பேர். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி வந்தால் பஸ் கட்டணம் இரட்டிப்பாகும் என்பதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்ட பிறகு போய் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சிலர் வேலைக்கும் போகிறார்கள். இருக்கிறவர்களோடு வெள்ளிக்கிழமைகளில் மரத்தடியிலேயே உட்கார்கிறோம். யாரும் விரிவுரை ஆற்றுவதில்லை. ஒருவர் தன் மகனுக்கு ஊட்டிக் காட்டுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குச் சொல்வதுதான் வீடு வரை போய்ச் சேர்கிறது. சென்ற மாதம் ஒரு பாட்டி வந்திருந்தார். பேரன் பலகையில் ‘போதும்’ தொட்டால் சோறு வீணாகிறது என்ற குறையோடு வந்தவர். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “அத்தை, தட்டில் குறைவாகப் போட்டு, ‘இன்னும்’ படத்தையும் பக்கத்தில் வையுங்கள். இன்னும் வேண்டும் என்று அவனே கேட்பான்” என்றார். நான் சொல்ல நினைத்ததைவிட நல்ல யோசனை. பாட்டி ‘இன்னும்’ படம் இரண்டு வாங்கிப் போனார், ஒன்று அடுக்களைக்கு, ஒன்று திண்ணைக்கு.

இந்தக் கல்வியாண்டில் பெரிய பிள்ளைகளின் பலகைகளில் உடல் பக்கத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்ச் சொற்களும் வேண்டும் என்று சிறப்பாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள்: ‘துணி மாற்ற வேண்டும்’, ‘வயிறு வலிக்கிறது’, ‘இவர் வேண்டாம், அக்கா வரட்டும்’. கடைசியாகச் சொன்னதைத் தனிப் படமாக, பெரியதாக, வலது மேல்மூலையில் வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. கை அதிகம் எட்டாத பிள்ளைகளுக்கும் அந்த மூலை எட்டுகிறதா என்று ஒவ்வொரு நாற்காலியாக அளந்து பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கிறோம்.